கிறீசின் இறுக்கமும் இலக்கமும்

எண்ணெய் தானாகவே வடிந்தோடும், கிறீஸ் அவ்வாறன்று. ஓரளவு அழுத்தம் கொடுத்தாலன்றி அது இடம்விட்டு அசையாது. உழவு இயந்திரத்தின் பெயாரிங்கில் அது ஒழுகாமல் நின்று சேற்று நீரைத் தடுப்பது இக்குணத்தினாலேயே. ஆயின் மிக இறுகிய கிறீஸ் வேண்டிய இடத்துக்குச் சென்று சேராது. உழவின் நடுவே பெயாரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டால், கமக்காரர் இழப்பது பெயாரிங்கை மாத்திரமன்று. பாய்ச்சிய நீரும் விதைப்புக்குரிய நாட்களும் வீணாகும்.

இறுக்கத்தை அளக்கும் முறை எளியது. கிறீசைத் துளைத்தட்டினால் 60 முறை இடித்துப் பிசைந்து, 25 பாகை செல்சியசில் வைத்து, உலோகக் கூம்பொன்றை அதனுள் 5 விநாடிக்கு இறங்கவிடுவர். புதைந்த ஆழம் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகளாகக் கணிக்கப்படும். 265 முதல் 295 வரையாயின் அது 2ஆம் இலக்கக் கிறீஸ்; 220 முதல் 250 வரையாயின் 3ஆம் இலக்கம். பேணியில் காணப்படுவது இவ்விலக்கமே.

நீண்ட குழாய்வழியே கிறீஸ் செலுத்தும் பெரிய இயந்திரங்களுக்கு இது போதாது. 25 அடிக் குழாய்ச் சுருளிற் கிறீசை நிரப்பி, சதுர அங்குலத்துக்கு 1800 இறாத்தல்வரை அழுத்தி, வால்வைத் திறந்து 30 விநாடியின் பின் எஞ்சும் அழுத்தத்தைப் பார்ப்பர். எஞ்சுவது அதிகமாயின் அது குழாயில் மந்தமாகவே ஓடும்.

குளிரில் எந்தக் கிறீசும் மேலும் இறுகும். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் காலையிற் கைப்பம்பி கடினமாக இருப்பது இதனாலாம்.

இலக்கம் இறுக்கத்தை மட்டுமே கூறும்; நீரைத் தாங்குமா என்பதைக் கூறாது. சோடியச் சவர்க்காரத்தாற் செய்த கிறீஸ் நீரிற் கரையுமாதலால், சேற்று வயலுக்கு அது ஆகாது.