நாற்பது ரூபாயில் தஞ்சாவூர்!



"தஞ்சாவூர்தானே? நாங்க அஞ்சாவது படிக்கும்போதே டூர்ல பார்த்துட்டோம்" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. நானும் அப்படிச் சொன்னவள்தான். ஆனால் அந்த டூரில் நான் பார்த்தது என்ன தெரியுமா? முன்னால் போன பெண்ணின் ரிப்பனையும், "வரிசை, வரிசை" என்று ஆட்டிக்கொண்டிருந்த டீச்சரின் கையையும்தான். கோவிலைப் பார்க்கவே இல்லை!

அதனால் காலாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து தோழிகள் சொந்தமாகத் திட்டம் போட்டு மறுபடியும் போய் வந்தோம். ஆளுக்கு 40 ரூபாய்தான் செலவு. "நாற்பது ரூபாயா? கதை விடாதே!" என்கிறீர்களா? கதை இல்லை, கணக்கு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போட்ட தப்புத் திட்டம்

முதல் திட்டத்தைப் போட்டது நான். ஒரு வேன், மதியம் ஓட்டலில் சாப்பாடு, போட்டோ என்று எழுதிக் கூட்டினேன். ஆளுக்கு 350 ரூபாய் வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும், "எங்க வீட்ல அன்னைக்கு விசேஷம்டி, நான் வரல" என்றாள்.

இரண்டு நாள் கழித்து நோட்டு வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அவளும் அவள் அம்மாவும் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குக் கட்டுவது. "என்ன விசேஷம்?" என்று நான் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. (இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது" என்றாள்.)

துண்டுச் சீட்டு முறை

மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. ஐந்து துண்டுத் தாளை ஒரே அளவில் கிழித்தேன். "வீட்ல கஷ்டப்படுத்தாம எவ்வளவு வாங்க முடியுமோ, அதை எழுதி மடிச்சு டப்பாவுல போடுங்க. பேரு எழுதாதீங்க" என்றேன். பிரித்துப் பார்த்தால் 300, 100, 50, 50, 40!

அந்த 300 என்னுடையது. அப்படியானால் 350-க்குத் தலையாட்டியவர்களிடமும் அவ்வளவு காசு இல்லை! வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் ஒருத்தியைப் பற்றித்தான் நினைத்தேன். உண்மையில் எல்லாரையும்தான் மாட்டிவிட்டிருந்தேன்.

எனவே நண்பர்களே, முதல் விதி இதுதான்: இடத்தை முடிவு செய்துவிட்டுக் காசு கேட்காதீர்கள். இருப்பதிலேயே குறைந்த தொகை எதுவோ, அதில் தொடங்கித் திட்டம் போடுங்கள். எங்கள் திட்டம் 40-இல் தொடங்கியது.

எங்கள் பட்ஜெட்

5 பேர் × 40 ரூபாய் = 200 ரூபாய்.

பேருந்து – 0
பெரிய கோவில் நுழைவு – 0
சாப்பாடு (கட்டுச்சோறு) – 0
செருப்பு வைக்க – 10
அரண்மனையில் நுழைவுச் சீட்டுக்கு ஒதுக்கியது – 100
வடை – 50
அவசரக் காசு – 40
மொத்தம் – 200

பேருந்துக்கு எப்படி 0? எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய திட்டத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும்போதே போர்டைப் பார்த்து, கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறினோம். பையன்களே, முறைக்காதீர்கள்! நீங்கள் டிக்கெட் காசைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் வேனைவிட எவ்வளவோ மிச்சம்தான்.

பெரிய கோவிலைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. அரண்மனையில்தான் சீட்டு உண்டு. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு. எங்களால் முடிந்தது ஒன்று. எல்லாரும் பேசிக் கலைக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தோம். கட்டணமும் விடுமுறை நாளும் மாறக்கூடும். கிளம்புவதற்கு முன் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. எங்களோடு ஒரு தோழியின் அப்பாயி வந்தார்கள். தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார்கள். அவசரக் காசு 40 ரூபாயும் அவர்கள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. அதைவிடப் பத்திரமான பேங்க் எது?

நாங்களே வழிகாட்டி

வழிகாட்டி வைத்துக்கொள்ளக் காசு இல்லை. அதனால் ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிரித்துக்கொண்டு, பள்ளி நூலகத்திலும் சமூக அறிவியல் டீச்சரிடமும் கேட்டுப் படித்துக்கொண்டு போனோம். வாசல்கள் ஒருத்திக்கு, விமானம் ஒருத்திக்கு, ஓவியம் ஒருத்திக்கு, சிலைகள் எனக்கு. கல்வெட்டு யாருக்கும் வேண்டாமாம். கடைசியில் பூ கட்டும் தோழிதான் எடுத்துக்கொண்டாள்.

காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். இது முக்கியம். வெயில் ஏறிவிட்டால் கோவில் கல்தரையில் கால் வைக்க முடியாது. நடுப்பகலில் சந்நிதியும் சாத்திவிடுவார்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விட்டோம்.

முதலில் மராட்டியர் கால வாசல். அடுத்து கேரளாந்தகன் திருவாசல், அதற்கடுத்து இராசராசன் திருவாசல். கேரளாந்தகன் என்பது சேரரை வென்றதற்காக இராசராசனுக்கு வந்த பட்டம். உள்ளே போனால் ஒரே கல்லில் ஆன பெரிய நந்தி. "இது இராசராசன் வைத்தது இல்லை, பிறகு நாயக்கர் காலத்தில் வந்தது" என்று வாசல்காரி சொன்னாள். அப்பாயிக்கு ஆச்சரியம். ஒரே கோவிலுக்குள் சோழர், நாயக்கர், மராட்டியர் மூன்று காலமும் இருக்கிறது. மராட்டியர் தங்கள் வம்ச வரலாற்றை 1803-இல் மராத்தி மொழியில் இந்தக் கோவில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து விமானம். 13 நிலைகள், 200 அடிக்கு மேல் உயரம், முழுக்கக் கருங்கல். தஞ்சாவூரைச் சுற்றிக் கருங்கல் மலையே கிடையாது. வயலும் வாய்க்காலும்தான். அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

"இந்தக் கோபுர நிழல் தரையில விழாதும்பாங்க" என்றார்கள் அப்பாயி. சரி, பார்த்துவிடலாமே என்று கோவிலின் பின்பக்கம் போனோம். கோவில் கிழக்கு பார்த்தது. காலையில் சூரியனும் கிழக்கே. மேற்குப் பக்கம் முழுவதும் ஜில்லென்று நிழல்! அந்த 'விழாத' நிழலிலேயே கால் நீட்டி உட்கார்ந்தோம். "எழுபது வருஷமா நம்பிட்டேனேடி!" என்று அப்பாயி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நண்பர்களே, கேள்விப்பட்டதை நேரில் சரிபாருங்கள். அதற்குக் காசு ஆகாது.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுவரில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்தபடி மேலே நாயக்கர் கால ஓவியம் இருந்தது. 1931-இல்தான் அடியில் இருந்த சோழர் ஓவியம் வெளியே தெரிந்தது. நாங்கள் அவற்றின் படங்களைத்தான் பார்த்தோம்.

சுவரில் ஒரு கணக்கு நோட்டு

இனிமேல்தான் கல்வெட்டு. எங்கள் தோழி அடிப்பக்கத்தில் இருந்த எழுத்துகளைக் காட்டினாள். முதலில் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் ட, ப, ம போன்ற சில எழுத்துகள் நமக்கே தெரிகின்றன! அந்தக் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்களாம். அதனால்தான் படிக்கத் தடுமாற்றம்.

"இதுல என்ன எழுதியிருக்கு, தெரியுமா? எல்லாம் கணக்குடி!" என்றாள். தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் இராசராசன். அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், உச்சியில் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுத்தான். அதன் எடை 3083 பலம் என்றுகூட எழுதியிருக்கிறது.

ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அவற்றை வாங்கிக்கொண்டவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொடுத்துவிட வேண்டும். ஆடு இருக்கும்வரை விளக்கும் எரியும். எங்கள் கணக்கு டீச்சர் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்!

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு மறக்கவே இல்லை. கோவிலில் ஆடுவதற்காகப் பல ஊர்க் கோவில்களிலிருந்து 400 பெண்களை அழைத்துவந்து குடிவைத்தார்கள். அந்தக் கல்வெட்டில் '400 பேர்' என்று மட்டும் இல்லை. ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். கோவிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. தையல்காரர், விளக்கேற்றுபவர், கணக்கர் எல்லாரும் இருக்கிறார்கள். முடி திருத்துபவருக்குக்கூட 'இராசராசப் பெருநாவிசன்' என்று ராஜாவின் பெயரையே பட்டமாகக் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்.

"ஆயிரம் வருஷம் ஆச்சு. ஒருத்தர் பேரும் விட்டுப்போகல பாரு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் முதல் கணக்கில் ஐந்து பெயர் இருந்தது. ஆனால் ஒருத்திக்கு இடமில்லாத மாதிரி நான் அல்லவா தொகையைப் போட்டிருந்தேன்!

அரண்மனையில் ஒரே ஒரு சீட்டு

அங்கிருந்து அரண்மனைக்கும் நடைதான். ஒரு மர நிழலைப் பார்த்து உட்கார்ந்து புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். ஐந்து வீட்டுப் புளிச்சோறும் ஐந்து ருசி! ஓட்டலில் இது கிடைக்குமா?

அரண்மனை நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் பெருகியது. கலைக்கூடம் 1951-இல் ஏற்பட்டது. அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ஒரு செப்புத்திருமேனி இருக்கிறது. சிவன் ரிஷபத்தின்மேல் கையை ஊன்றி நிற்கிறார். ஆனால் ரிஷபம் இல்லை! அது கிடைக்கவே இல்லை. அவர் கை மட்டும் காற்றில் ஊன்றியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் மாடு அங்கே நிற்பது போலவே தோன்றுகிறது. அது 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரிய கோவில் உச்சியில் குடம் வைத்த மறு வருடம்! மற்ற பகுதிகளைப் பார்க்கவில்லையே என்று எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒரே இடத்தில் அவசரப்படாமல் நின்று பார்த்தோம். நூலக அருங்காட்சியகத்தை அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறோம்.

திரும்பும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்க 10 ரூபாய். "நான் அப்புறம் தந்துடறேன்" என்றேன். "அவசரக் காசு எதுக்கு இருக்கு? கணக்குல எழுது" என்று அதட்டியவள் யார் தெரியுமா? பூ கட்டும் தோழிதான்.

சாயங்காலம் பஸ்ஸில் கணக்கை முடித்தோம். மீதி 35 ரூபாய். ஆளுக்கு 7 ரூபாய் என்று பிரித்துக்கொண்டோம்.

நீங்கள் போகும்போது

1. துண்டுச் சீட்டில் தொகை கேளுங்கள். பெயர் வேண்டாம். யார் எழுதியது என்று பிறகும் கேட்க வேண்டாம்.
2. குறைந்த தொகையில் திட்டம் போடுங்கள். அதிகம் உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.
3. டவுன் பஸ், கட்டுச்சோறு, தண்ணீர் பாட்டில், ஒரு பெரியவர்.
4. கோவில் காலையில், அரண்மனை மதியம்.
5. ஆளுக்கு ஒரு பாடம் படித்துக்கொண்டு போங்கள்.
6. சுவரில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள்! அங்கே ஏற்கெனவே எழுதவேண்டியவர்கள் பெயர் எழுதியாகிவிட்டது.
7. அவசரக் காசு தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து தாராசுரம் போகலாம் என்று பேச்சு. கும்பகோணம் பக்கம் என்பதால் செலவு கொஞ்சம் கூடும். டப்பாவும் துண்டுச் சீட்டும் தயார். யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா? எவ்வளவு இருந்தாலும் போதும்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி