ஹாலில் ஒரு கினெக்ட்

சென்னை ரிச்சி தெருவில் பழைய கினெக்ட் கேமரா ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "இத வெச்சு கோச்சடையான் மாதிரி ஏதாவது பண்ணலாமாண்ணா?" என்று கேட்கிற பிள்ளைகள் தாம்பரம் பக்கம் உண்டு. குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ரயில் பாதையை ஒட்டியே கல்லூரிகள். வீட்டில் பரதமோ சிலம்பமோ கற்கும் தங்கை. கையில் சுமாரான ஒரு லேப்டாப். கேள்வி வரத்தான் செய்யும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பண்ணலாம். ஆனால் கோச்சடையானில் செய்தது வேறு, நாம் ஹாலில் செய்யப்போவது வேறு. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014 மே 23 அன்று வெளிவந்த அந்த அனிமேஷன் படத்துக்கான நடிப்பை 2012இல் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோவிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் பதிவு செய்தார்கள். உடம்போடு ஒட்டிய உடை, அதன்மேல் மூட்டுக்கு மூட்டு மார்க்கர், சுற்றிலும் கேமராக்கள். ஒரே மார்க்கரை இரண்டு மூன்று கேமராக்கள் பார்த்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். முழங்கை எங்கே என்பது அங்கே ஏறக்குறைய அளந்து பெற்ற விடை. கினெக்ட் போன்ற மார்க்கர் இல்லாத முறையில் அது ஊகம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் சொல்லப்போகிற ஜமக்காளம், துப்பட்டா, பீரோக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்: கேமராவின் ஊகத்தை நாம் எளிதாக்கிக் கொடுக்க வேண்டும்.

சரி, அது எதைத்தான் பார்க்கிறது? 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முதல் கினெக்ட், பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் நுட்பத்தில் இயங்கியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் அறை முழுக்கப் புள்ளிக்கோலம் போட்டுவிடும். பக்கத்திலேயே இருக்கும் அகச்சிவப்புக் கேமரா அந்தக் கோலத்தைப் பார்க்கும். சுவரில் விழுகிற புள்ளி ஓரிடத்தில் தெரியும். அதே புள்ளி உங்கள் மார்பில் விழுந்தால் கொஞ்சம் நகர்ந்து தெரியும். எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துத் தூரம். 2013இல் வந்த இரண்டாவது கினெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கில் எடுத்தது. ஒளி ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரைத் தொட்டுத் திரும்ப 13 நானோ விநாடி சொச்சம். அதை ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்க முடியாது. துடிக்கிற ஒளியை அனுப்பி, திரும்பி வரும் துடிப்பு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. எந்த வழியானாலும் கடைசியில் கிடைப்பது தூரங்களின் ஒரு பெரிய கட்டம். இரண்டாவது கினெக்டில் 512க்கு 424, விநாடிக்கு 30 முறை. இது கை, இது கால் என்று அதில் எழுதியிருக்காது.

எழுதுவது மென்பொருள். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தின் ஜேமி ஷாட்டன் குழு அந்த முறையை வெளியிட்டது. உடம்பை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தனித்தனியாக ஊகிப்பது. அந்த ஊகங்களைக் கூட்டி மூட்டு எங்கே என்று சொல்வது. இதைப் பழக்க பத்து லட்சம் தூரப் படங்கள், எல்லாம் கணினியிலேயே வரைந்த உருவங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உருவங்களுக்கு அசைவு கொடுத்தது மார்க்கர் ஒட்டிப் பதிவு செய்த நடிப்பு! ஓடுவது, உதைப்பது, ஆடுவது, வண்டி ஓட்டுவது, மெனுவில் கையை நகர்த்துவது என்று விளையாட்டுக்குத் தோதான அசைவுகளையே தேடிப் பிடித்தார்கள். பரதத்தின் முழுமண்டியில் முழுக்கக் குந்தி உட்கார்ந்த ஆளைக் கண்டு அது திணறினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி ஹால். சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ அடுக்குமாடி வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் பெரிது. முதல் கினெக்டின் பார்வை மேலிருந்து கீழாக 43 டிகிரிதான். கையைத் தூக்கி நிற்கும் ஆளுக்குத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் 2.2 மீட்டர் உயரம் வேண்டும். அது முழுசாகத் தெரிய ஆள் 2.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதாவது ஒன்பது அடிக்கு மேல். ஸ்டாண்டுக்கு ஒரு அடி, பின்னால் காலை வீச இரண்டு அடி, ஹால் முடிந்தது. இரண்டாவது கினெக்டுக்குப் பார்வை 60 டிகிரி. அதே ஆளுக்கு 1.9 மீட்டர், ஆறேகால் அடி போதும். இந்த மூன்றடிதான் நம் வீடுகளில் வித்தியாசம். படத்தின் துல்லியத்தைவிட இதற்காகவே நான் இரண்டாவதைச் சொல்வேன். கேமரா இடுப்புக்குச் சற்று மேலே, தரையும் கூரையும் சமமாகத் தெரியும்படி, ஆடாத ஸ்டாண்டில் இருக்கட்டும். டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு எதிரே ஒருவர் தட்டடவு தட்டினால் கேமராவும் சேர்ந்து தட்டும்.

"மொட்டை மாடில எடம் இருக்கேண்ணா" என்பது அடுத்த கேள்வி. இடம் இருக்கிறது தம்பி, வெயிலும் இருக்கிறது. வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கும். கேமரா அனுப்பும் கொஞ்சம் ஒளி அதில் கரைந்து போகும், தூரப் படத்தில் ஆள் ஓட்டை ஓட்டையாகத் தெரிவார். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிய பிறகு தாராளமாக மாடிக்குப் போகலாம். வீட்டுக்குள் மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் மாலையில் கனமான திரை வேண்டும். எல்இடி விளக்கு தொந்தரவு தராது. பழைய குண்டு பல்பு வேண்டாம், அதுவும் அகச்சிவப்பைக் கக்கும்.

பளபளப்பான பொருள்கள் இன்னொரு வம்பு. ஸ்டீல் பீரோக் கண்ணாடிக்குள் ஓர் ஆள் ஆடிக்கொண்டிருப்பார். மென்பொருள் அவரையும் எண்ணும். கண்ணாடிமேல் போர்வை போடுங்கள். நம் வீட்டு டைல்ஸ் தரை சாய்வாக வரும் ஒளியைத் திருப்பித் தராமல் அந்தப் பக்கம் தள்ளிவிடும், அதனால் பாதத்தைச் சுற்றி ஓட்டை விழும். ஒரு பவானி ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டால் தரை ஒழுங்காகத் தெரியும். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். ஆளில்லாத அறையை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறியதெல்லாம் ஆள் என்றுதான் பல மென்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. காற்றில் திரை ஆடினால் அதுவும் ஆளின் கணக்கில் சேரும். மே மாதத்தில் விசிறி இல்லாமல் ஆடச் சொல்வது பாவம்தான். ஆகவே ஒரு டேக் ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பிறகு திருத்தும்போதும் சின்னத் துண்டுகளே சௌகரியம்.

உடையில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேட்டி, பாவாடை, துப்பட்டா எதுவும் கூடாது. பரதப் புடவையின் விசிறி மடிப்பு மேடையில் அழகு; கேமராவுக்கு முழங்கால்களுக்கு நடுவே தொங்கும் ஒரு சுவர். ஒட்டிய டிராக் பேன்ட், டி-ஷர்ட் போதும். சில கறுப்புத் துணிகள் அகச்சிவப்பை விழுங்கிவிடும், சில விழுங்காது, சாயத்தைப் பொறுத்தது. போட்டுப் பார்த்து, ஆள் முழுசாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்துப் பின்னிய கருங்கூந்தலும் இப்படித்தான் காணாமல் போகும், தலையில் பள்ளம் விழுந்தது போல் தெரியும்.

கம்ப்யூட்டர் பக்கம் எல்லாம் ஒரே கணக்குதான். 512க்கு 424 கட்டம், கட்டத்துக்கு இரண்டு பைட், விநாடிக்கு 30: விநாடிக்கு 13 எம்பி, நிமிடத்துக்கு 780. வண்ணப் படத்தையும் சுருக்காமல் முழு அளவில் எடுத்தால் அதற்கு மேல் விநாடிக்கு 124 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறி ஃபிரேம்களை விட்டுவிடும். எஸ்எஸ்டி வேண்டும், வண்ணத்தைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவது கினெக்டுக்கு யூஎஸ்பி 3 இல்லாமல் நடக்காது. இரண்டு கினெக்டுக்கும் கம்ப்யூட்டரோடு இணைக்கத் தனி அடாப்டர் தேவை. அதற்குச் சுவர் பிளக்கிலிருந்து மின்சாரமும் தேவை. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்சிமிட்டலில் பேட்டரி உள்ள லேப்டாப் சமாளித்துவிடும், கேமரா அணைந்து எழும், டேக் போயிற்று. ஒரு சின்ன யூபிஎஸ்ஸைக் கேமராவுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, நேரத்தை அளக்கும் வகைக் கேமராக்கள் சூடாகி நிலைக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும், அதுவரை தூரம் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டேயிருக்கும். போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பதிவு என்பது இத்தனைக்கும் பிறகு சின்ன வேலை. காலி அறை சில விநாடி. ஆள் வந்து கேமராவைப் பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் நேராக நீட்டி நிற்க வேண்டும். உயரம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் மென்பொருளுக்கு இதிலிருந்துதான் கிடைக்கும். பிறகு தலைக்கு மேலே ஒரு கைத்தட்டு. அடுத்து அசைவு. முடிவில் மறுபடி நேராக நிற்பது.

ஒலியையும் சேர்த்துப் பதியுங்கள், அதுவும் பரதமென்றால் கட்டாயம். காரணம் இது. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், விநாடிக்கு ஒரு தட்டு என்று வைத்தால் மூன்றாம் காலத்தில் நான்கு. ஒரு தட்டுக்குக் கிடைப்பது ஏழெட்டு ஃபிரேம். பாதம் தரையில் மோதுகிற கணம் ஒன்றிரண்டு ஃபிரேமில் முடிந்துவிடும். அதிலும் பாதமும் தரையும் ஒரே தூரத்தில் இருப்பதால் கேமராவுக்கு எது கால், எது ஜமக்காளம் என்று பிரிப்பதே கஷ்டம். உடம்பில் மோசமாகக் கணிக்கப்படுவது கணுக்காலும் பாதமும்தான். படம் நடுங்குகிறதே என்று ஐந்து ஃபிரேமைச் சேர்த்து மழமழப்பாக்கினால் நடுக்கத்தோடு தட்டும் போய்விடும், பொம்மை பஞ்சு மெத்தையில் ஆடுவதாகத் தெரியும். தாளம் போடும் தட்டுக்கழியின் ஒலி பதிவாகியிருந்தால் எந்த ஃபிரேமில் பாதம் இறங்க வேண்டும் என்று அதைக் கேட்டு வைக்கலாம். காரக்பூர் ஐஐடியில் பார்த்த பிரதிம் தாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடவுகளைக் கினெக்டில் பதிவு செய்தபோது, சொற்கட்டின் தாளத்தையும் உடல் நிலைகளையும் சேர்த்து வைத்தே ஆராய்ந்தார்கள்.

அரைமண்டி நல்ல பிள்ளை. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிவதால் முன்னிருந்து பார்க்கும் கேமராவுக்கு எல்லாம் தெரியும். கையைக் கேமராவை நோக்கி நீட்டும்போது முழங்கை மறைந்துவிடும். முதுகைக் காட்டித் திரும்பினால் இடது வலது மாறிவிடும். விரல்களைப் பற்றிக் கேட்காதீர்கள்: இரண்டாவது கினெக்டுக்குத் தெரிந்த கை நிலைகள் மூன்று, விரித்தது, மூடியது, இரு விரல் நீட்டியது. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலில் ஒற்றைக் கை முத்திரைகளே 28. முத்திரைகளைத் தனியே ஃபோனில் கிட்டத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் விரல் விரலாக நீங்களேதான் வைக்க வேண்டும்.

சிலம்பத்துக்கு வேறு சிக்கல். மூன்று மீட்டர் தூரத்தில் ஓர் அங்குலக் கம்பு மூன்று கட்ட அகலம்தான். சுழற்றினால் காணாமல் போகும். நிறுத்திப் பிடித்தால் கையின் நீட்சி என்று நினைத்து மென்பொருள் கையை இழுத்துவிடும். உடலசைவை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பைப் பிறகு சேர்ப்பதே வழி.

மறைவுகளைக் குறைக்க இரண்டு கேமரா வைக்கலாம். பெரிய தட்டையான அட்டையைப் பிடித்துக்கொண்டு அறையில் மெதுவாக நடந்தால், இரண்டும் ஒரே அட்டையைப் பார்ப்பதை வைத்து எது எங்கே நிற்கிறது என்று மென்பொருள் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு ஸ்டாண்டில் யாரும் இடித்துவிடக் கூடாது. முதல் கினெக்டுகள் இரண்டை வைத்தால் ஒன்றின் புள்ளிகள் மற்றதைக் குழப்பும். 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களே இதற்கு ஒரு குறும்பான வைத்தியம் சொன்னார்கள்: கேமராவில் சின்ன மோட்டாரைக் கட்டி அதிர விடுவது. தன் புள்ளிகள் தன்னோடு சேர்ந்தே அதிர்வதால் தெளிவாகத் தெரியும், அடுத்ததன் புள்ளிகள் கலங்கிப் போகும். இரண்டாவது கினெக்டை மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருளில் ஓட்டினால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கேமராதான். இரண்டு லேப்டாப் வேண்டும், அப்போது அந்தக் கைத்தட்டுதான் இரண்டு பதிவையும் ஒட்ட வைக்கும்.

கடைசியாக ஒரு வேலை. மூட்டுகளின் எலும்புக்கூட்டை பிவிஎச் என்ற அசைவுக் கோப்பாக எடுத்த பிறகும் மூலத் தூரப் பதிவை அழிக்காதீர்கள். ஐபை மோகாப் ஸ்டுடியோ போன்ற மென்பொருள்கள் ஊகத்தைப் படமெடுக்கும்போது செய்வதில்லை. பதிவு முடிந்தபின் ஒரு மாதிரி உடலைத் தூரப் படத்துக்குள் சாவகாசமாகப் பொருத்திப் பார்க்கின்றன. அதே பதிவை வேறு அமைப்பிலோ அடுத்த வருடம் வேறு மென்பொருளிலோ மறுபடி ஓட்டலாம். நிமிடத்துக்கு 780 எம்பி, ஒரு டிபி டிஸ்கில் இருபது மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அடவின் பெயரையும் காலத்தையும் எழுதுங்கள்; "புதுசு", "புதுசு2", "கடைசி" என்று வைத்தால் ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.