புல்வெளியை உழுதால் சிலந்திகள் எங்கே போகும்?

பழனி மலையின் உச்சிப் பகுதிகளில் இருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 1973க்கும் 2014க்கும் இடையில் அழிந்துவிட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. சீகை, தைலமரம், பைன் தோட்டங்களும் விவசாய நிலங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வரையாட்டுக்கு மேய இடம் போனது நமக்குத் தெரிகிறது. அதே புல்லை நம்பியிருந்த சிலந்திகள் போனது கண்ணில் படுவதில்லை.

சிலந்திக்குப் புல் எதற்கு? வலையைக் கட்ட ஊன்றுகோல் வேண்டும். வட்ட வலை பின்னும் சிலந்திக்கு உயர்ந்த தாள்கள் தேவை. தாழ்வாக விரிப்பு வலை போடுவதற்கு அடர்ந்த தூர் தேவை. ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது, தரையில் ஓடிப் பிடிக்கும். அதற்கு உதிர்ந்த சருகு வேண்டும். இன்னும் சில மண்ணில் வளை தோண்டி அதிலேயே காலம் தள்ளும். புல்வெளி எத்தனை அடுக்காக வளர்கிறதோ, அத்தனை வகைச் சிலந்திகள் அங்கே குடியிருக்கும்.

அப்படியானால், உழுதவுடன் எல்லாம் செத்துவிடுமா? இல்லை. வயலிலும் சிலந்திகளைப் பார்க்கிறோமே என்று நீங்கள் கேட்பது நியாயம். குஞ்சுச் சிலந்திகள் புல்நுனியில் ஏறி, மெல்லிய இழையை விட்டு, காற்றில் மிதந்து நெடுந்தூரம் போகும். அப்படிப் பறக்கத் தெரிந்த வகைகள் உழுத நிலத்துக்கும் சீக்கிரம் வந்துவிடும். அதனால் தலைக்கணக்கு பெரிதாகக் குறையாமலே இருக்கலாம். குறைவது வகைகளின் எண்ணிக்கை, அதாவது பல்வகைமை (ஓரிடத்தில் எத்தனை விதமான உயிர்கள் வாழ்கின்றன என்பது).

வளைச் சிலந்திகளின் கதை வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு காட்டுத் துண்டில், பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974 முதல் வளைச் சிலந்திகளைக் கவனித்துவந்தார். அவற்றில் ஒரு பெண் சிலந்தி 43 ஆண்டுகள் ஒரே வளையில் வாழ்ந்தது! இத்தகைய சிலந்தியின் குஞ்சுகள் தாயின் வளைக்குப் பக்கத்திலேயே குடியேறும். ஒருமுறை டிராக்டர் புரட்டிய மண்ணுக்கு அவை திரும்பிவர எத்தனை தலைமுறை ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புல்வெளியில் வீடுகள் வந்தால்? சுவரிலும் கூரையிலும் வாழப் பழகிய சில வகைகள் பெருகும். விளக்கைச் சுற்றும் பூச்சிகளுக்காக வேறு சில வலை கட்டும். புல்லைவிட்டு வாழத் தெரியாதவை ஒதுங்கிப்போகும்.

இதில் எனக்கென்ன என்று கேட்டால், நெல் வயலைப் பாருங்கள். ஓர் ஓநாய்ச் சிலந்தி ஒரே நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியும் அதில் சேர்த்தி. கண்டபடி மருந்து தெளித்தால் முதலில் சாவது சிலந்திதான். இலையுறைக்குள் ஒளிந்திருக்கும் புகையான் முட்டைகள் தப்பிப் பொரிக்கும்; அப்போது அவற்றைத் தின்ன ஆளிருக்காது. மருந்துக்குப் பின் புகையான் முன்னைவிட அதிகமாவது பெரும்பாலும் இதனால்தான். இந்தோனேசியா இதைப் பட்டுணர்ந்து, 1986இல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது.

நீங்கள் என்ன செய்யலாம்? வரப்பு, வாய்க்கால் ஓரப் புல்லை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இந்த வாரம் ஒரு பக்கம், அடுத்த பக்கம் சில வாரம் கழித்து. களை விதை வயலில் விழுமே என்ற கவலை இருந்தால், பூக்கும் முன் அறுங்கள். எலிக்கு அஞ்சினால் வயலுக்குள் இருக்கும் வரப்புகளை ஒடுக்கமாக வைத்துச் சுத்தம் செய்துகொண்டு, வெளி ஓரத்தில் மட்டும் புல்லை விடுங்கள். அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தாதீர்கள். கொஞ்சம் வைக்கோலை ஓரத்தில் கட்டாகப் போட்டு வைத்தால், வயல் காலியாக இருக்கும் நாட்களில் சிலந்திகள் அதில் ஒதுங்கும். மருந்து அடிக்கும் முன், தூரை விலக்கிப் பூச்சியோடு சிலந்தியையும் எண்ணுங்கள்.

மாடு மேய்க்கும் நிலத்திலும் இதுதான் வழி: ஒரு பகுதியில் மேயவிட்டு, இன்னொன்றை வளரவிட்டு, மாற்றி மாற்றி மேய்த்துவாருங்கள்.

கடைசியாக, மரம் நடும் ஆர்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரமில்லாத இடமெல்லாம் தரிசு அல்ல. புல்வெளியில் குழி தோண்டும் முன், அங்கே மரம் எப்போதாவது இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களையும் ஆடுமாடு மேய்ப்பவர்களையும் கேளுங்கள். இல்லை என்றால், கன்றுகளை வீட்டுக் கொல்லையிலும் சாலையோரத்திலும் நடுங்கள்.