நாலு கதவு ஹெரால்டு – 14: கரி தின்ற காலம்

போன வாரம் கிளட்ச் பிளேட்டோடு நிறுத்தியிருந்தேன். 1970 மாடல் வண்டி, விற்கச் சொல்லும் வீடு, விற்க விடாத அதே வீடு. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மற்றது தெரியும். இந்த வாரம் துருவைப் பற்றி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சேஸிஸ் வரை ஏறி நின்றதைப் பற்றி, எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது வரும். அதற்குள் கரி வந்து குறுக்கே விழுந்துவிட்டது.

ஆரம்பம் என்னவோ பெட்ரோல்தான். இப்போது பங்கில் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ஹெரால்டின் பெட்ரோல் பம்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. கேம் ஷாப்ட் தட்டத் தட்ட அது மேலும் கீழும் அசைந்து டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறினால் உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். பாளையங்கோட்டை மெக்கானிக் சவ்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வண்டி குடிக்க ஆரம்பிச்சிட்டு. ஓஸு எல்லாத்தையும் மாத்திருவோம். இதெல்லாம் இப்ப வந்த கூத்து.”

ஓஸை மாற்றச் சொன்னது சரி. ஆனால் கூத்து இப்போது வந்ததல்ல. சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே, 1948-ல், இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலைப் பெட்ரோலில் கலக்கத்தான் அந்தச் சட்டம். அப்படியென்ன அவசரம் என்று பின்னால் போய்ப் பார்த்தால், அங்கே நிற்கிறது கரி பஸ்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதம் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று பிரிட்டிஷ்காரர்களே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோலைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ரேஷனில். பஸ் முதலாளிகள் என்ன செய்வார்கள்? பஸ்ஸின் பின்பக்கம் ஒரு இரும்பு அடுப்பை மாட்டிக் கரியைப் போட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் அந்த அடுப்பைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் நம் ஜில்லாக்காரர் ஒருவர் உண்டு. 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1911-ல் அவர் தொடங்கி மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். நிறுவனம், போர்க்காலத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற பெயரில் கரிவாயுக் கலன்களைச் செய்தது. நம்பி கோயிலுக்கு எத்தனையோ தடவை அந்த ஊர் வழியாக ஹெரால்டை ஓட்டிப் போயிருக்கிறேன். இது தெரிந்திருந்தால் ஊருக்குள் நுழையும்போது ஒரு ஹாரன் கூடுதலாக அடித்திருப்பேன்.

அது வேலை செய்கிற விதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உயரமான டிரம்மில் மரக்கரியை நிரப்பி, அடியில் தீ மூட்டி, காற்றை அளந்து விடுவார்கள். காற்று போதாமல் எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். விஷவாயு, ஆனால் எரியும். அதைக் குளிரவைத்து, தூசி போக வடிகட்டி, என்ஜினுக்குள் இழுத்தால் பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை அது செய்யும். சும்மாவா செய்யும்? காற்றிலிருக்கும் நைட்ரஜனும் கூடவே வருவதால் வாயு நீர்த்துத்தான் இருக்கும். என்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நம் ஊரில் மட்டுமல்ல, ஜெர்மனியில் போர் முடிகிறபோது ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடிக்கொண்டிருந்தன.

கல்லிடைக்குறிச்சியில் என் சின்ன ஆச்சி இருக்கிறாள். தொண்ணூறைத் தாண்டியவள். போனில் கேட்டேன்.

“ஆச்சி, கரி பஸ் ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? திருநவேலிக்குப் போகணும்னா விடியமுன்னாலயே போய் நிக்கணும்லா. கண்டக்டரு பின்னால நின்னு ஒரு கைப்பிடியப் போட்டுச் சுத்து சுத்துன்னு சுத்துவான். கரி கனிஞ்சு, அவன் சரின்னு சொல்லி, வண்டி கெளம்புததுக்குள்ள கட்டிக்கொண்டுபோன இட்லியெல்லாம் காலியாயிரும். பின் சீட்டுல உக்காந்தா வெள்ளச் சட்ட போச்சு.”

அந்தக் கைப்பிடி காற்றூதியைச் சுற்றுவதற்கு. கனல் பிடித்து வாயு சேருகிறவரை ஊத வேண்டும். புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதியிருப்பதை ஆச்சி இட்லிக் கணக்கில் முடித்துவிட்டாள்.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் விளக்கியபோது மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “அப்ப இஸ்திரிக்காரர்ட்ட ஒரு கணக்கு வச்சுக்கிடுங்க. வேட்டிக்கும் வண்டிக்கும் ஒரே கரி.” மகளுக்கு அந்த விஷவாயுதான் கவலை. மூடிய ஷெட்டில் பெட்ரோல் வண்டியை ஓடவிட்டாலும் அதே வாயுதான் வரும் என்றேன். அன்றிலிருந்து ஷெட் கதவை அவள்தான் திறந்து வைக்கிறாள். ஒரு வேலை குறைந்தது.

சரி, எத்தனாலுக்கு வருகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். பம்பு சவ்வையும் ஓஸ்களையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும். காலையில் சோக்கைச் சற்றுக் கூடுதல் நேரம் இழுத்து வைக்க வேண்டிவந்தால் கார்புரேட்டர் ஜெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: வண்டியை நிறுத்திப்போடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டாங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும்.

இங்கேதான் எனக்கும் சட்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். கௌரவம்தான். ஆனால் கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. பாபநாசத்துக்குக் குளிக்கப் போகக் கூடாது, கல்யாண வீட்டுக்குச் சம்பந்தியை ஏற்றிப் போகக் கூடாது என்றால் அந்த கௌரவத்தை வைத்து நான் என்ன செய்ய? டவுன் சந்துகளில் இருபத்தைந்தடி விட்டத்தில் வட்டமடித்துத் திரும்பும் வண்டி இது. நாலு கதவு வைத்த ஹெரால்டை சென்னையைத் தவிர வேறெங்கும் செய்யவில்லை. பின்சீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்கத்தான் அந்த இரண்டு கதவும். அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். கட்டணம் 2022-ல் 5,000 ஆனது, 2025-ல் இருபது வயது தாண்டியவற்றுக்கு 10,000 ஆனது. முனகிக்கொண்டே கட்டலாம். வாரம் ஒருமுறையாவது வீட்டு வேலைக்கு ஓடினால்தான் இந்த வண்டி பிழைக்கும்.

உங்கள் வீட்டில் கரி பஸ்ஸில் போனவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்கள் என்பதுவரை வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், அவர்கள் வயது அப்படி.

அடுத்த வாரம் துரு. ஆசிரியர் போனில் சொல்லிவிட்டார்: மறுபடியும் ஏமாற்றினால் இந்தப் பக்கம் சமையல் குறிப்புக்குப் போய்விடுமாம்.