பாலத்தின் மேல் நடக்கும் கண்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நின்றால், அலைகளுக்கு நடுவே பழைய தூண்களின் மிச்சம் தெரியும். 1860-களில் பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்டு, 1952 புயலில் அழிந்த துறைமுகப் பாலத்தின் தூண்கள் அவை. முழுப் பாலத்தையும் பார்க்க இன்று பழைய அஞ்சலட்டைப் படங்கள்தான் கதி.

அப்படியொரு படத்தை எடிட்டிங் மென்பொருளில் ஏற்றி, அசையாமல் ஐந்து நொடி திரையில் விட்டுப் பாருங்கள். இரண்டாவது நொடியிலேயே பார்வை நழுவிவிடும். அதே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கரையில் தொடங்கிக் கடல்முனை வரை சட்டகத்தை மெல்ல நகர்த்துங்கள். இப்போது பார்ப்பவர் பாலத்தின் மேல் நடக்கிறார், முனையில் என்ன இருக்கிறது என்று எதிர்பார்க்கிறார். பக்கவாட்டில் நகர்த்துவது பான், நெருங்குவதும் விலகுவதும் ஜூம். பிறந்தநாள் வீடியோ முதல் நினைவஞ்சலி வரை எல்லா ஸ்டுடியோக்களிலும் இது நடக்கிறது. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று யோசிப்பவர்கள் குறைவு.

விடை கண்ணில் இருக்கிறது. நம் பார்வைப் புலத்தில் கூர்மையாகத் தெரிவது ஏறக்குறைய 2 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதனால் ஒரு படத்தைப் பார்க்கும்போது கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவித் தாவி அதைத் துழாவுகிறது. ரஷ்ய விஞ்ஞானி ஆல்பிரட் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார். இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டபோது கண் போன பாதை வேறு, என்ன உடை அணிந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது போன பாதை வேறு. ஆக, அசையாத படம் ஏதுமில்லை. பார்ப்பவரின் கண் அதை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கிறது. சட்டகம் சீராக நகரும்போது மட்டும் கண் பெரும்பாலும் தாவலை விட்டுவிட்டு, நகரும் பொருளை வழுக்கிக்கொண்டே தொடர்கிறது. எடிட்டர் தன் கண் போன வழியில் பார்ப்பவரின் கண்ணையும் கூட்டிப்போகிறார். இது சின்ன அதிகாரமல்ல.

1957-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் எடுத்த 'சிட்டி ஆஃப் கோல்டு' இதை அற்புதமாகச் செய்து காட்டியது. தங்கம் தேடிப் போனவர்களின் டாசன் நகரம், பழைய நிழற்படங்கள் வழியாக உயிர்பெற்ற படம் அது. அதன் வழியில் வந்த கென் பர்ன்ஸ், 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொடரில் இதைப் புகழ்பெறச் செய்தார். ஆப்பிளின் ஐமூவி மென்பொருளில் இந்த வசதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மென்பொருளில் செய்வது எளிது: சட்டகம் எங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கும் கீஃப்ரேம் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, நடுவிலுள்ளதைக் கணினி நிரப்பிவிடும். அந்த நிரப்பலில்தான் கோளாறு வரும். 10 நொடியில் படம் 100 பிக்சல் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 பிரேம் வீதம் 250 பிரேம். ஒரு பிரேமுக்கு 0.4 பிக்சல். மென்பொருள் அதை முழு எண்ணாக்கினால் சில பிரேம்களில் படம் நிற்கும், சிலவற்றில் குதிக்கும், மொத்தத்தில் நடுங்கும். நல்ல மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து அந்தப் பின்னத்தையும் காட்டிவிடும்.

ஜூமில் சிக்கல் வேறு. 100 சதவீத அளவை 10 நொடியில் 200 ஆக்குகிறோம். நொடிக்குப் பத்துப் பத்தாகக் கூட்டினால் முதல் நொடியில் படம் 10 சதவீதம் வளர்கிறது. கடைசி நொடியில் 190 என்பது 200 ஆகும்போது வளர்ச்சி 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. அதனால் ஜூம் போகப்போகச் சோர்ந்துவிட்டதுபோல் தோன்றும். ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 7.2 சதவீதம் பெருக்கினால்தான் வேகம் ஒரே சீராகத் தெரியும்.

ஜூமில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெருவில் நடக்கும்போது அருகிலுள்ள விளக்குக் கம்பம் சட்டென்று பெரிதாகும், தூரத்துக் கட்டடம் மெல்லத்தான் வளரும். நிழற்படத்தை ஜூம் செய்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். மூளை உடனே கண்டுபிடித்துவிடும், இது தாள் என்று. அதை மறைக்க, முன்னால் இருப்பதைத் தனியாக வெட்டி வேறு வேகத்தில் நகர்த்துகிறார்கள். வெட்டிய இடத்தில் ஓட்டை விழும். இப்போது செயற்கை நுண்ணறிவு அதை நிரப்பித் தருகிறது. எனக்குக் கவலை இங்கேதான். நம் ஊர் 'மேரி' என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து, பிறகு பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டது. அதன் பழைய படமொன்றில் மரம் மறைத்த சுவரைக் கணினி கற்பனையாக வரைந்துவிட்டால், நாளை யாராவது அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள்.

முகங்களில் இது இன்னும் மோசம். 1950 ஏப்ரலில் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ல் அரவிந்தர் காலமானார். தான் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அவர் கண் இமைக்கவேயில்லை என்று குறித்துவைத்திருக்கிறார் பிரெசோன். பழைய முகங்களைக் கண் சிமிட்டவும் புன்னகைக்கவும் வைக்கும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இமைக்காமல் அமர்ந்திருந்த மனிதரை ஒரு செயலி இமைக்கவைத்தால் அது பொய். பானும் ஜூமும் படத்தில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் ஓரங்களை மறைக்கின்றன. தன் படங்களை யாரும் வெட்டக் கூடாது என்பதில் பிரெசோன் பிடிவாதமாக இருந்தவர். ஆகவே நகர்த்துவதற்கு முன்போ பின்போ முழுப் படத்தையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அதுதான் நேர்மை.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களைக் காத்துவருகிறது. பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை மின்னாக்கம் செய்யும் பணியும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு அங்கே நடந்தது. மிச்சம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தாக்களின் ஆல்பங்களை நம் கடற்காற்றும் பூஞ்சையும் அரித்துக்கொண்டிருக்கின்றன. வீடியோ ஆசை வந்தால் முதலில் ஸ்கேனருக்குப் போங்கள். ஐந்தரை அங்குல அகலமுள்ள படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 3,300 பிக்சல் கிடைக்கும். 1,920 பிக்சல் அகலமுள்ள திரையில் 1.7 மடங்கு வரை உடையாமல் நெருங்கலாம். நெகட்டிவ் இருந்தால் இன்னும் மேல். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதியை வைத்து எதையும் தொடங்காதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும், தாத்தா கைப்பட எழுதிய பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.