பதிவேட்டில் மறைந்திருக்கும் நீரிழிவு

நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் காலிற்பட்ட புண் ஆறாமையால் மருத்துவமனைக்கு வருகிறார் எனக் கொள்வோம். புண்ணுக்குக் கட்டுப் போடுகின்றனர், இரத்தமும் சோதிக்கப்படுகிறது. சர்க்கரை, டெசிலிட்டருக்கு 212 மில்லிகிராம் எனக் கணிப்பொறியில் பதிவாகிறது. புண் ஆறியதும் அவர் வீடு திரும்பிவிடுகிறார். அதன் பின் அந்த எண்ணை எவரும் பார்ப்பதில்லை. மூன்றாண்டுகள் கழித்துப் பார்வை மங்கி மீண்டும் வரும்பொழுதுதான் அவருக்கு நீரிழிவு உண்டென்பது தெரியவருகிறது. செய்தி ஏட்டில் இருந்தது, கண்டவர் இல்லை.

இரண்டாம் வகை நீரிழிவு ஓசையின்றி வளரும் நோயாகும். மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் தோன்றுமுன்னரே பல ஆண்டுகள் கழிந்துவிடலாம். அக்காலத்திலேயே கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள் ஆகியவற்றுக்குக் கேடு தொடங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி 2021-இல் நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுள் தம் நோயை அறியாதவர் பலர். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க, முன்னரே சேர்ந்து கிடக்கும் மின்னணுப் பதிவுகள் எவ்வாறு உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்குரிய வழிகளுள் மிக எளியது, மேலே கூறிய 212 போன்ற எண்களைத் தேடுவதாகும். நீரிழிவு என்னும் நோய்ப்பெயர் பதியப்படாதவர்களுள், சர்க்கரை அளவு வரம்பைக் கடந்தவர் எவர் என்று கணிப்பொறியைக் கேட்கலாம். இங்கிலாந்தில் 480 குடும்ப மருத்துவர் நிலையங்களின் ஏறத்தாழ 36 இலட்சம் பதிவுகளை இவ்வாறு சலித்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். நோயாளர் என்று குறிக்கப்படாத சில ஆயிரம் பேரின் சர்க்கரை அளவு நோயின் எல்லையை எட்டியிருந்தது. இதற்குப் புதிய ஊசி, புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க.

ஆனால் இரத்தமே சோதிக்கப்படாதவரை இவ்வழி காட்டாது. அவர்களுக்கு மதிப்பெண் முறை பயன்படுகிறது. சென்னையில் உருவாகி 2005-இல் வெளியிடப்பட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் நான்கே செய்திகளைக் கேட்கிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்பது. நூற்றுக்கு 60-உம் அதற்கு மேலும் பெற்றவர் இடர் மிகுந்தவர். முப்பது வயதைக் கடந்தோரிடம் ஆஷா பணியாளர் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவமும் இதே இனத்தைச் சேர்ந்ததாகும். அதில் புகையிலை, மதுப் பழக்கங்களும் சேரும். 4-க்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்றவரை முதலில் சோதனைக்கு அழைக்க வேண்டும்.

மூன்றாவது வழி பதிவு முழுவதையும் படிப்பது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் பிரிவினர் 9,948 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு முடிவை அறிவித்தனர். வயது, எடை, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான குறிகளோடு, உண்ட மருந்துகளையும் முன்னர் வந்த நோய்களையும் சேர்த்துக் கணித்தால் நீரிழிவாளரைப் பிரித்தறிவது மேலும் துல்லியமாகிறது என்பதே அது.

நம் நாட்டுப் பதிவுகளிலும் இத்தகைய தடயங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது, என் கருத்தில், கருப்பகாலப் பதிவேடாகும். கருவுற்றபொழுது சர்க்கரை மிகுந்து, மகப்பேற்றுக்குப் பின் அது இயல்பாகிவிட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, அவ்வாறு மிகாத பெண்ணைவிட ஏழு முதல் பத்து மடங்கு கூடுதல். குழந்தை பிறந்த ஆறு வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் அவர் தாய்வீட்டிலிருந்து கணவர் ஊருக்குச் சென்றிருப்பார். கருப்பகாலத்தில் பார்த்த செவிலியர் வேறு, இப்போது பார்ப்பவர் வேறு. இரண்டு பதிவுகளும் ஒரே எண்ணின் கீழ் இணைந்திருந்தாலன்றிச் செய்தி அவரைத் தொடராது. 2021-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கம் வழங்கும் 14 இலக்க எண்ணின் உண்மையான பயன் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது. காசநோய்ப் பதிவேடும் இதற்கு உறவுடையதே. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி.

எந்த வழியும் பிழையற்றதன்று. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் செய்து காட்டலாம். ஆயிரம் பேருள் 80 பேர் தம் நோயை அறியாதவர் என்க. நம் முறை நோயுள்ளவருள் நூற்றுக்கு 75 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயற்றவருள் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விலக்குகிறது. எனில் 80 பேருள் 60 பேர் அகப்படுவர்; 20 பேர் தப்புவர். நோயற்ற 920 பேருள் 184 பேர் வீணாக அழைக்கப்படுவர். ஆக, அழைக்கப்படும் 244 பேருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் நோயாளர். அனைவரையும் சோதித்திருந்தால் பன்னிருவர் அல்லது பதின்மூவருக்கு ஒருவரே அகப்பட்டிருப்பார். உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆயினும் தப்பிய அந்த 20 பேரிடம், "உமக்கு நோய் இல்லை" என்று எவரும் சொல்லிவிடலாகாது.

கணிப்பொறி தனக்கு ஊட்டப்பட்டதையே திருப்பித் தரும். களப்பணியாளர் இதனை நன்கறிவர். இடுப்பை நாடாவால் அளக்காமல் கண்ணால் மதித்து 80, 90 என்று முழு எண்களாக எழுதுவதும், உணவுக்கு முன்னா பின்னா என்று குறிக்காமல் சர்க்கரையை மட்டும் பதிவதும், ஒரே ஆளை முருகேசன் என்றும் முருகேஷ் என்றும் இருவராக்குவதும் சிறு பிழைகளாகத் தோன்றலாம். 150 என்னும் எண் வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டதாயின் அஃது ஐயத்துக்கிடமாகும்; உணவுக்குப் பின்னராயின் அதன் பொருள் வேறு. தனியார் மருத்துவரிடம் பல ஆண்டுகளாக மாத்திரை உண்பவரும் அரசுப் பதிவில் நோயற்றவராகவே தோன்றுவார். பதிவே இல்லாதவர் நிலை இன்னும் கடினம்: ஊர் ஊராக வேலை தேடிச் செல்லும் தொழிலாளரும், காய்ச்சல் வந்தாலன்றி மருத்துவமனையை எட்டிப்பாராத ஆடவரும் எந்தச் சல்லடையிலும் விழமாட்டார்கள். அவர்கள் பொருட்டு வீடுவீடாகச் செல்லும் பணி நிற்கலாகாது.

கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. இங்கிலாந்தில் 33 மருத்துவர் நிலையங்களில், 40 முதல் 69 வயது வரையுள்ள இடர் மிகுந்தோர் ஏறக்குறைய 20,000 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. தேடிச் சோதித்த பகுதியிலும் தேடாத பகுதியிலும் சுமார் பத்தாண்டுகளில் இறப்பு வேறுபடவில்லை. அங்கு தேடிக் கண்ட நோயாளர் நூற்றுக்கு மூவரே. நம் நிலை வேறாகலாம். எனினும் மாத்திரை கையிருப்பில்லாத நிலையம் நீண்ட பட்டியல் தயாரிப்பதால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி இங்கும் எழவே செய்யும்.

பட்டியலில் பெயர் வந்தவருக்கு நோய் உறுதியாகிவிடவில்லை. வெறும் வயிற்றில் 126, அல்லது 75 கிராம் குளுகோஸ் அருந்தி இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 6.5 விழுக்காடு என்பன எல்லைகள். நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்கு இரண்டு சோதனை முடிவுகள் ஒத்திருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு ஹெச்.பி.ஏ.1சி அளவை உயர்த்திக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்கள் தாழ்த்திக் காட்டும். இரத்தசோகை மலிந்த பகுதிகளிலும், அரிவாளணு நோயுள்ள பழங்குடி மக்களிடையேயும் இச்சோதனையை மட்டும் நம்புவது தவறாகும்.

அழைக்கச் செல்பவர் பட்டியலைத் தெருவில் நின்று படிக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருதாவிடினும், திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் நீரிழிவு என்னும் ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நம் பணியாளர்கள் அறிவார்கள். சோதனைக்கு எட்டு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் அருந்தலாம் என்பதை முதல் நாளே தெரிவித்தல் நலம். சோதனையில் நோயில்லை எனத் தெரிந்தால் அந்த முடிவையும் நாளுடன் பதிய வேண்டும். இல்லையெனில் அடுத்த மாதப் பட்டியலில் அதே பெயர் மறுபடியும் வந்து நிற்கும்.