பலம் முந்தியா, பனி முந்தியா?

மாணவர்களே, ஒரு தாளை எடுங்கள். பழம், பனி, பவளம், பலம், பறவை, பளு. இந்த ஆறு சொற்களையும் அகராதி வரிசையில் எழுதுங்கள். ‘ய, ர, ல, வ, ழ, ள, ற, ன’ என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவிருந்தால் அரை நிமிட வேலை: பலம், பவளம், பழம், பளு, பறவை, பனி.

இதே ஆறு சொற்களைப் பைத்தன் மொழியில் ஒரு பட்டியலாக இட்டு, ‘சார்ட்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். பனி, பறவை, பலம், பளு, பழம், பவளம் என்று வரும். கடைசியில் நிற்க வேண்டிய பனி முதல் ஆளாக வந்து நிற்கிறது!

கணினிக்குத் தெரிந்தது எண் மட்டுமே. யூனிகோடு முறையில் ‘ன’வின் எண் 2985, ‘ற’ 2993, ‘ல’ 2994, ‘ள’ 2995, ‘ழ’ 2996, ‘வ’ 2997. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பில் இடம் ஒதுக்கியபோது, ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’ போய் ‘ர’வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. புள்ளியின் எண்ணோ 3021. அதனால் ‘பக்கம்’ என்ற சொல் ‘பகல்’ என்பதற்குப் பின்னால் போய்விடும். அகராதியில் அது முன்னால் அல்லவா வர வேண்டும்?

சரி, பைத்தனுக்குத் தமிழ் வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஒரு சுவாரசியம். நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தனில், வரிசைப்படுத்தும் வேலையைச் செய்வது பைத்தன் மொழி அல்ல. 2002-இல் டிம் பீட்டர்ஸ் என்பவர் சி மொழியில் எழுதிய ‘டிம்சார்ட்’தான் அதன் அடிப்படை. அந்த சி நிரலைத் திறந்து திருத்துவது நமக்கு ஆகாத காரியம். தேவையும் இல்லை. ‘இந்த இரண்டில் எது முந்தி என்று சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேள்’ என்று, நாம் பைத்தனில் எழுதிய ஒரு செயற்கூற்றை அதன் கையில் கொடுத்துவிட்டால் போதும்.

இதற்குப் பெயர் ‘கால்பேக்’. அப்பா மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டு, தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார் அல்லவா? “என்ன மாத்தணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க.” பழுது பார்ப்பது பட்டறைக்காரர், முடிவு சொல்வது அப்பா. நாம் எழுதும் செயற்கூறும் அப்படித்தான். இரண்டு சொற்களை வாங்கிக்கொண்டு, முதலாவது முந்தி என்றால் ஓர் எதிர்ம எண், இரண்டும் ஒன்றே என்றால் சுழியம், இரண்டாவது முந்தி என்றால் ஒரு நேர்ம எண் என்று விடை சொல்லும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தில் இத்தகைய ஒப்பீட்டுச் செயற்கூறு எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. (‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் இவரே.) பைத்தனின் ‘சிஎம்பி டு கீ’ கருவி வழியாக அதை வரிசைப்படுத்தும் கட்டளைக்குக் கொடுத்தால், பலம் முதலிலும் பனி கடைசியிலும் வந்துவிடும்.

ஆனால் இரு மொழிகளுக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது. ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினரைக் கேளுங்கள்! தூரம் பெரிதல்ல, கடப்பிதழைக் காட்ட வேண்டும், ரிங்கிட்டை டாலராக்க வேண்டும். மொழிப் பாலத்திலும் அதே கதை. சி பக்கத்தில் இருப்பவற்றைப் பைத்தனுக்குப் புரியும் உருவில் கட்டிக் கொடுக்க வேண்டும். விடையைத் திரும்ப சி-க்கு ஏற்ற எண்ணாக்க வேண்டும். ஒரு முறைக்கு இது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் தாறுமாறாகக் கிடக்கும் 1,000 பெயர்களை வரிசைப்படுத்த, சராசரியாக 8,500 ஒப்பீடுகளுக்குக் குறையாமல் தேவை. ஒவ்வொன்றுக்கும் பாலத்தைக் கடந்தால்?

ஆகவே அனுபவமுள்ள நிரலர்கள் வேறு வகையான கால்பேக்கைக் கொடுப்பார்கள். அது ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு முறை வாங்கி, எழுத்துகளை அகரவரிசை எண்களாக மாற்றித் தரும். ‘க்’ முன்னால், ‘க’ அடுத்து, ‘கா’ அதற்கடுத்து என்று 247 எழுத்துகளுக்கும் நாமே எண் கொடுத்துவிடுகிறோம். 1,000 பெயர்களுக்கு 1,000 பயணங்கள். மீதி ஒப்பீடு எல்லாம் அக்கரையிலேயே முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

பாலத்தில் நெரிசலைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பைத்தனில் 2006 முதல் ‘சிடைப்ஸ்’ என்ற பாலம் சேர்ந்தே வருகிறது. சி மொழியில் எழுதிய எந்த நிரலகத்தையும் அதன் வழியாக அழைக்கலாம். ஒரு விளையாட்டு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ‘பாட்டு முடியும்போதெல்லாம் என்னைக் கூப்பிடு’ என்று ஒலி நிரலகத்திடம் ஒரு கால்பேக்கைப் பதிவு செய்கிறீர்கள். சோதித்தால் நன்றாக ஓடுகிறது. நண்பனிடம் காட்டும்போது, பாட்டு முடிந்ததும் நிரல் மொத்தமாக விழுகிறது. எந்த வரியில் தவறு என்ற செய்திகூட வராது.

நடந்தது இதுதான். பைத்தன் தன்னிடம் உள்ள ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்களில் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சுழியமானால், யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். சி நிரலகம் கையில் வைத்திருப்பது வெறும் முகவரி. அது இந்தக் கணக்கில் சேராது. எண்ணைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, அன்று மாலையே அப்பா அந்த எண்ணை இரத்து செய்துவிட்டதைப் போல! பட்டறைக்காரர் பழைய எண்ணையே அழுத்துகிறார். யாரும் எடுக்காமல் போகலாம். வேறு யாராவது எடுத்து ஏதாவது சொல்லிவிடவும் கூடும். அதனால்தான் சோதனையில் சில நேரம் நன்றாக ஓடுவது போலத் தெரிகிறது.

பைத்தனின் அதிகாரபூர்வ ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. தீர்வு ஒரே வரி: பாலத்துக்காகச் சுற்றிய அந்தக் கால்பேக்கை, நிரலின் தொடக்கத்தில் ஒரு மாறியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பார்வைக்கு அது எங்கும் பயன்படாத மாறியாகத் தெரியும். குழுவில் யாராவது ‘இது வீண்’ என்று அழித்துவிடாமலிருக்க, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். ஒலி நிரலகத்தை நிறுத்திய பிறகு அந்த மாறியை விட்டுவிடலாம். அதற்கு முன் கூடாது.